திறந்து பார்த்துட்டு மூடிட்டாங்க!

திருவண்ணாமலை, செங்கம் ரோடு. ரமணாசிரமத்துக்கு எதிர்வரிசையில் ஒரு டீக்கடை. கிரிவலம் முடித்த கால்கள், ருத்திராட்சம் போட்ட வெள்ளைக்காரர்கள், ஆட்டோ டிரைவர்கள் என்று எல்லோரும் விடியற்காலையில் ஒரே பெஞ்சில் இடம் பிடிக்கிற கடை. அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு அறுபது வயசுக்குமேல் இருக்கும். மடியில் பெரிய ஸ்கேன் கவர். கூட ஒரு பையன். செங்கம் பக்கம் ஏதோ கிராமமாம். வேலூருக்குப் போகிற வழியில், மலையைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று இறங்கியிருக்கிறார்கள்.

"வாய் வழியா ஊசிய வுட்டு வயித்துக் கட்டியில இருந்து எடுப்பாங்களாம்டா... வாய்க்கும் வயித்துக்கும் எம்மாந் தூரம்! அது எப்படிப் போவும்?"

"டாக்டர் சொன்னாரு இல்ல மாமா... தூங்கறதுக்கு மருந்து குடுத்துருவாங்களாம். ஒண்ணும் தெரியாதாம்."

பெரியவர் கொஞ்சநேரம் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "உங்க தாத்தாவுக்கும் இதே வயித்துலதான். தொறந்து பாத்துட்டு மூடிட்டாங்க."

இந்த வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் இதைக் கேட்காத வீடே கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த சொந்தக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து, குரலைத் தணித்துச் சொல்வார்கள். 'திறந்து பார்த்துட்டு மூடிட்டாங்க!' அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். புரிந்துவிடும்.

இன்று அந்த வாக்கியம் ரொம்பவே குறைந்துவிட்டது. எப்படிக் குறைந்தது என்பது சுவாரஸ்யமான சரித்திரம். கத்தி விழுங்கும் வித்தைக்காரர், பாய்லர் தொழிற்சாலை, பஞ்சாபி இளைஞர் என்று எங்கெல்லாமோ சுற்றும். ஆனால், நான் ஆரம்பிக்க விரும்புவது டீக்கடைக்கு எதிர்ப்பக்கம் இருந்த ஆசிரமத்திலிருந்துதான். ஏனென்றால், முந்தினநாள் சாயங்காலம்தான் அங்கே அந்தச் சின்ன அறையின் வாசலில் நின்றுவிட்டு வந்திருந்தேன். ரமணர் கடைசி நாட்களில் இருந்த அறை. அப்படியே வைத்திருக்கிறார்கள்.

1896-ல், பதினாறு வயசுப் பையனாக மதுரையிலிருந்து கிளம்பி வந்து, பிறகு திருவண்ணாமலையை விட்டு வெளியே போகாதவர் ரமணர். 1948 கடைசியில் அவருடைய இடது முழங்கைக்குக் கீழே ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. வலி இல்லை. சுண்டுவிரலால் அழுத்திப் பார்த்தால் தட்டுப்படும் அளவுதான். 1949 பிப்ரவரி 9-ம் தேதி ஆசிரம டாக்டர் சங்கர ராவ் அதை அறுத்து எடுத்தார். சாதாரணக் கட்டி, எடுத்தாயிற்று, புண் ஆறினால் சரி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஒரு மாசத்துக்குள் அதே இடத்தில் கட்டி மறுபடி தலைகாட்டியது! மார்ச் 27-ல் சென்னையிலிருந்து டாக்டர் ராகவாச்சாரி வந்து இரண்டாவது ஆபரேஷன் செய்தார். இந்தமுறைதான் அதன் உண்மையான பெயர் வெளியே வந்தது - 'சார்கோமா'. தசை, நரம்பு, எலும்பு போன்றவற்றில் கிளம்பும் புற்றுநோய்.

கையை எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். ரமணர் மறுத்துவிட்டார். இந்த உடம்பே ஒரு வியாதிதான், அது தன் போக்கில் முடியட்டும் என்கிற ரீதியில் அவர் சொன்ன பதில் ஆசிரமத்தில் இன்றும் பேசப்படுகிறது. ரேடியம் வைத்தார்கள். ஆயுர்வேதம், ஹோமியோபதி, பச்சிலை என்று யார் என்ன கொண்டுவந்தாலும் அதற்கும் கையை நீட்டினார். ஆகஸ்ட் 7-ல் மூன்றாவது ஆபரேஷன். டிசம்பர் 19-ல் நான்காவது. 1950 ஏப்ரல் 14, இரவு 8.47. அந்த நேரத்தில் வானத்தில் ஒரு எரிநட்சத்திரம் மெதுவாகக் கடந்துபோனதைப் பார்த்ததாகப் பலர் சொன்னார்கள். அதில் ஒருவர், அப்போது அங்கே படமெடுக்க வந்திருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன்!

இதில் நான் கவனிக்கச் சொல்வது அந்த வரிசையை. முதலில் கத்தி. பிறகு மைக்ராஸ்கோப். கடைசியில்தான் பெயர். இத்தனைக்கும் அது கையில், தோலுக்குச் சற்றுக் கீழே, எல்லோரும் தொட்டுப் பார்க்கிற இடத்தில் இருந்த கட்டி. (முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவர் கையை எடுக்கச் சம்மதித்திருப்பாரா என்றால்... எனக்கென்னவோ மாட்டார் என்றுதான் தோன்றுகிறது!)

கைக்கே இந்தக் கதி என்றால் வயிற்றுக்குள் இருக்கும் கட்டிக்கு?

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் வாங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கைக்கு வயிற்றுக் கோளாறு. சீதபேதி என்றே முதலில் நினைத்தார்கள். மலக்குடலில் புற்றுநோய் என்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. 1923-ல் தங்கை இறந்துபோனார். டாக்டர் வீட்டிலேயே இதுதான் நிலைமை! முப்பது வருஷத்துக்குமேல் அந்தத் துக்கத்தைச் சுமந்து, நிதி திரட்டி, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார் முத்துலட்சுமி. பன்னிரண்டு படுக்கைகளோடு ஆரம்பித்த இடம்.

வயிறு என்பது டாக்டர்களுக்குப் பூட்டிய வீடு. வெளியே நின்று தட்டிப் பார்க்கலாம், அமுக்கிப் பார்க்கலாம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவேண்டுமானால் கதவை உடைக்கவேண்டும். அதிலும் கணையம் இருக்கிறதே... இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் ஒளிந்துகொண்டிருக்கும் உறுப்பு. எந்தப் பக்கமிருந்து கை வைத்தாலும் நடுவில் இன்னொரு உறுப்பு. வயிற்றைக் கிழித்துப் பார்ப்பார்கள். எடுக்கமுடியாத அளவுக்குப் பரவியிருந்தால் மறுபடி தைத்துவிடுவார்கள். நோயாளி, நோயோடுகூட ஒரு பெரிய தையலையும் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவார்.

ஊசி போட்டு உறிஞ்சிப் பார்க்கலாமே என்று யாருக்குமே தோன்றவில்லையா? தோன்றியது! 1930-லேயே நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் ஹேய்ஸ் மார்ட்டின் என்ற சர்ஜனும், எட்வர்ட் எல்லிஸ் என்ற லேப் டெக்னீஷியனும் சேர்ந்து இதை எழுதிவைத்துவிட்டார்கள். கட்டிக்குள் ஊசியை விட்டு, சிரிஞ்சை இழுத்து, வந்த துளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. அவ்வளவுதான். ரமணருக்குக் கட்டி வருவதற்குப் பதினெட்டு வருஷம் முன்பே இது அச்சில் இருந்தது என்பது நினைக்க நினைக்க ஆச்சரியம்.

ஆனால், உலகம் அதைச் சட்டை செய்யவில்லை. பெரிய தசைத்துண்டைப் பார்த்தே பழகிய நிபுணர்களுக்கு, உதிரியாக வந்த நாலு செல்களை நம்ப மனசு வரவில்லை. இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. ஊசி போகிற பாதையில் நோய் பரவிவிட்டால்?

டீக்கடைப் பெரியவரும் அதையேதான் கேட்டார். "ஊசி பட்டா பரவிடும்னு ஊர்ல சொல்றாங்களே சார்... நெசமா?"

அப்படி நடந்ததே இல்லை என்று சொல்லமுடியாது, மிக மிக அபூர்வம் என்பதுதான் சரியான பதில். ஊசியின் தடிமன் அதில் ரொம்ப முக்கியம். ஸ்வீடன் நாட்டில் ஸிக்ஸ்டன் ஃப்ரான்ஸென் என்பவரும் அவருடைய சகாக்களும் ஐம்பது, அறுபதுகளில் மெல்லிய ஊசிகளை வைத்து இந்த முறையை ஆயிரக்கணக்கானவர்களிடம் செய்து காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் ஊசிக்கு மரியாதை வந்தது. அது கழுத்துக் கட்டி, மார்புக் கட்டிக்கு நன்றாகவே போதும். கணையத்துக்கு? குருட்டு ஊசியை அங்கே யார் விடுவது? ஊசிக்குக் கண் வேண்டும்.

அந்தக் கண்ணைத் தேடித்தான் 1868-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்தில் அடால்ஃப் குஸ்மால் என்ற டாக்டர், கத்தி விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைப் பிடித்தார். நம்மூர்த் திருவிழாவில் பார்த்திருப்பீர்களே... தலையை அண்ணாந்து, தொண்டையையும் உணவுக்குழாயையும் ஒரே நேர்க்கோடாக்கி, கத்தியைச் சொருகிக்கொள்வார்களே, அந்த வித்தைதான். கத்திக்குப் பதில், கிட்டத்தட்ட அரை மீட்டர் நீளமுள்ள ஒரு குழாய். வித்தைக்காரர் அதை அநாயாசமாக விழுங்கிவிட்டார். ஆனால், குஸ்மாலுக்கு உள்ளே ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. விளக்கு வெளிச்சம் போதவில்லை! வாய்க்கும் வயிற்றுக்கும் வழி உண்டு என்பது மட்டும் தெரிந்தது.

வெளிச்சத்தை வளைக்கக் கற்றுக்கொள்ள இன்னும் எண்பத்தாறு வருஷம் ஆனது. அதைச் செய்தவர்களில் ஒருவர் நம்மவர். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. லண்டனில் பேராசிரியர் ஹெரால்டு ஹாப்கின்ஸிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, தலைமுடி போன்ற கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி, அவற்றின் வழியே படத்தை அனுப்பிக் காட்டினார். 1954 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. (ஃபைபர் ஆப்டிக்ஸ் என்று பெயர் சூட்டியதே கபானிதான். 2009-ல் அந்தத் துறைக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அது வேறொருவருக்குப் போனதில் நம்மவர்கள் பலருக்கு இன்றும் வருத்தம் உண்டு. கபானி இறந்து, 2021-ல் நம் அரசாங்கம் பத்ம விபூஷண் கொடுத்தது!)

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அமெரிக்காவிலிருந்து லண்டனுக்கே ஓடிவந்தார் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற இளம் டாக்டர். திரும்பிப் போய் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேரோடு சேர்ந்து வளையும் குழாய் ஒன்றைச் செய்தார். அதில் ஒருவர் இன்னும் டிகிரி முடிக்காத மாணவர். 1957 பிப்ரவரியில் குழாய் தயார். முதலில் யார் வாயில் விடுவது? ஹிர்ஷோவிட்ஸ் தானே விழுங்கினார்!

இப்போது குழாய்க்குக் கண் வந்துவிட்டது. ஆனால், இந்தக் கண் இரைப்பையின் உட்சுவரைத்தான் பார்க்கும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கணையத்தை? சுவர் வழியே பார்க்க முடியாது. கேட்கத்தான் முடியும்.

கேட்கும் வேலையை ஆரம்பித்தவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த இயான் டொனால்டு. இவர் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். யுத்த காலத்தில் விமானப்படையில் இருந்தவர். பாய்லர் செய்யும் தொழிற்சாலையில், இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலைகளை அனுப்பிச் சோதிப்பதைக் கேள்விப்பட்டார். இரும்புக்குச் செய்வதைக் கட்டிக்குச் செய்தால் என்ன? 1955 ஜூலையில் ஒருநாள், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு அந்தத் தொழிற்சாலைக்குப் போய் இறங்கினார். ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் பக்கத்தில் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை வைத்திருந்தார்கள். நீர் நிறைந்த கட்டி ஒருவிதமாகவும், கெட்டியான கட்டி இன்னொரு விதமாகவும் எதிரொலித்தன.

அப்புறம் ஒரு பெண். வயிறு வீங்கிப்போய் வந்தவர். இரைப்பைப் புற்றுநோய், ஆபரேஷனுக்குக்கூட வழியில்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். டொனால்டின் கருவி அது நீர்க்கட்டி என்றது. ஆபரேஷன் செய்தால்... சினைப்பையில் பிரமாண்டமான நீர்க்கட்டி. அபாயமில்லாத வகை! எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். 1958 ஜூனில் 'லான்செட்' இதழில் டொனால்டு எழுதிய கட்டுரையின் விஷயமே வயிற்றுக் கட்டிகள்தான். கர்ப்பிணிகள் ஸ்கேன் எடுக்கும்போது நாம் நினைத்துக்கொள்கிற அந்த மெஷின், உலகத்துக்கு அறிமுகமானது இப்படித்தான்.

ஆனாலும் கணையம் டிமிக்கி கொடுத்தது. வயிற்றுக்கு மேலே கருவியை வைத்தால் நடுவில் இரைப்பை, குடல், அதற்குள் காற்று. ஒலி அலைக்குக் காற்று ஜென்ம விரோதி. அப்படியே திருப்பி அனுப்பிவிடும். சரி, வெளியே இருந்து வேண்டாம், வாய் வழியே இரைப்பைக்குள் போய், கணையத்தின் முதுகில் சாய்ந்துகொண்டு கேட்டால்? 1980-ல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் எண்டோஸ்கோப்பின் நுனியில் அல்ட்ராசவுண்டு கருவியைப் பொருத்தினார்கள். கணையம் சில மில்லிமீட்டர் தூரத்துக்கு வந்துவிட்டது. சி.டி. ஸ்கேனில் சரியாகப் பிடிபடாத சின்னக் கட்டிகள்கூடத் தெரிந்தன.

ஊசி? அங்கேயும் ஒரு சிக்கல். ஆரம்பகாலக் கருவிகள் குழாயைச் சுற்றி வட்டமாகப் பார்த்தன. ஊசியை விட்டால் அது திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும், அதன் நுனி எங்கே போகிறது என்று தெரியாது. கருவியைத் திருப்பி வைத்து, ஊசி போகும் திசையிலேயே படம் தெரியும்படி செய்தபிறகுதான் வழி பிறந்தது. டென்மார்க்கின் டாக்டர் பீட்டர் வில்மன் குழுவினர் அப்படி இரைப்பைச் சுவரைத் தாண்டிக் கணையத்துக்குள் ஊசியை அனுப்பி எடுத்துக் காட்டியது 1992-ல் அச்சானது. குஸ்மாலின் குழாய், டொனால்டின் ஒலி, மார்ட்டின்-எல்லிஸின் ஊசி மூன்றும் ஒரே கருவியில்!

டாக்டர்கள் இதை 'ஈ.யு.எஸ். - எஃப்.என்.ஏ.' என்பார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து மயக்கத்துக்கு ஊசி. விரல் தடிமனுள்ள குழாய் உள்ளே போகும். திரையில் கட்டி கறுப்பாகத் தெரியும். வழியில் ரத்தக்குழாய் இருந்தால் சிவப்பிலும் நீலத்திலும் ஜொலிக்கும். அதைத் தவிர்த்து, அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டுகிற ஊசியை விடுவார்கள். அது வெள்ளைக் கோடாகக் கட்டிக்குள் நுழைவது தெரியும். உள்ளே நாலைந்து தடவை, பத்துத் தடவை முன்னும் பின்னும் அசைத்து எடுப்பார்கள். சில இடங்களில் செல்களைப் பார்க்கும் நிபுணர் பக்கத்திலேயே மைக்ராஸ்கோப்போடு உட்கார்ந்து, "போதும்" அல்லது "இன்னொரு தடவை" என்று குரல் கொடுப்பார். பெரும்பாலானவர்கள் அன்றைக்கே எழுந்து வீட்டுக்குப் போகலாம். ரத்தக்கசிவு, கணைய வீக்கம் போன்ற சிக்கல்கள் நூற்றில் ஓரிருவருக்கு வரலாம்.

நம் நாட்டுக்கு இது இன்னும் ஒரு காரணத்தால் முக்கியம். வயிற்றுக்குள் நெறிக்கட்டிகள் வீங்கியிருப்பதாக ஸ்கேன் சொல்லும். புற்றுநோயும் அப்படித்தான் தெரியும். டி.பி.யும் அப்படித்தான் தெரியும்! படம் ஒன்று, வைத்தியம் நேரெதிர். ஒன்றுக்குப் பல மாசம் மாத்திரை சாப்பிட்டால் போதும், பெரும்பாலும் குணமாகிவிடும். அதைப் புற்றுநோய் என்று நினைத்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டால், டி.பி. கிருமி குஷியாகக் கிளம்பிவிடும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இளம் வயதிலேயே கணையம் வீங்கி, கல் அடைத்துப்போகும் ஒரு வியாதி உண்டு. கேரளத்தின் டாக்டர் கீவர்கீஸ் அறுபதுகளில் விரிவாகப் பதிவு செய்தது. அந்த வீக்கமும் ஸ்கேனில் புற்றுநோய் வேஷம் போடும். தப்பாக நினைத்துக் கணையத்தை வெட்டி எடுப்பதா, சும்மா விடுவதா? ஊசி நுனியில் வரும் துளி அநேகமாகச் சொல்லிவிடும்.

அநேகமாகத்தான். எப்போதும் அல்ல. ஊசி கட்டியின் நல்ல பகுதியில் குத்தியிருந்தால் 'ஒன்றுமில்லை' என்று வரும், ஆனால் பக்கத்திலேயே இருந்திருக்கும். அதனால், சந்தேகம் தீராவிட்டால் இன்னொரு முறை எடுப்பார்கள். நோயாளிகள் இதைக் கேட்டுக் கோபப்படுவதில் அர்த்தமில்லை.

இந்த ஊசியைப் பற்றி உலகத்துக்கே சொன்ன நோயாளி ஒருவர் உண்டு. ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ். 2003 அக்டோபரில் சிறுநீரகத்துக்காக எடுத்த ஸ்கேனில் கணையத்தில் கட்டி தெரிந்தது. தேறாது, சில மாசம்தான், வீட்டு விஷயங்களை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். அன்று சாயங்காலம் தொண்டை வழியே குழாயை விட்டு, கணையத்தில் ஊசி குத்திச் சில செல்களை எடுத்தார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்த டாக்டர்கள் அழ ஆரம்பித்துவிட்டார்களாம். ஆபரேஷனால் குணமாக்கக்கூடிய அபூர்வ வகை! 2005-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் முன்னால் இதை அவரே சொன்னார். அவர் அங்கே சொல்லாமல் விட்ட விஷயம், தெரிந்த பிறகும் ஒன்பது மாசம் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, உணவுக் கட்டுப்பாடு, அக்குபங்சர் என்று அலைந்தது. 2004 ஜூலையில்தான் ஆபரேஷன். 2011 அக்டோபரில் காலமானார். பத்தொன்பது வயசில் இந்தியாவுக்கு வந்து சாமியாரைத் தேடி அலைந்தவர் அவர் என்பதால், ஆசிரமத்து அறை வாசலில் நின்றபோது எனக்கு ஏனோ ஜாப்ஸ் ஞாபகமும் வந்தது. கட்டியின் பெயர் இருவருக்கும் தெரிந்தது. இருவரும் டாக்டர்கள் நினைத்ததைச் செய்யவில்லை. ஆனால், ஒருவருடைய அமைதிக்கும் இன்னொருவருடைய தவிப்புக்கும் நடுவில் எவ்வளவு தூரம்!

பெரியவரிடம் ஜாப்ஸ் கதையெல்லாம் சொல்லவில்லை. கத்தி விழுங்குபவர் கதையை மட்டும் சொன்னேன். பையன் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை. ஆனால், "அப்ப இது வேலை ஆவும்ங்கறீங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோ வந்தது. ஸ்கேன் கவரை மடங்காமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறியவர், சட்டென்று திரும்பினார்.

"வெறும் வயித்துல வரச் சொன்னாங்க சார். டெஸ்ட்டு நாளைக்குத்தான். இப்ப டீ குடிச்சது தப்பில்லையே?"